உங்கள் புத்தியைப் பற்றி நீங்களே வைத்திருந்த அபிப்பிராயம் எந்த வயதில் மாறியது?

செம்பூர்க் கணக்கன்:
மும்பையில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள், தீபாவளிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். லாஃப்டிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் 1996-ஆம் வருட டைரி ஒன்று கிடைத்தது. அப்போது எனக்கு 23 வயது. ஒரு பக்கத்தில் கட்டம் கட்டி மூன்று வேலைகளை எழுதி, சம்பளம், பயண நேரம், எதிர்காலம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என மார்க் போட்டு, கீழே கூட்டி, அதற்கும் கீழே சிவப்பு மையில் "உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுப்பவன் அல்ல நான்" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். ஏனென்றால் அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஃபோர்ட்டில் இன்டர்வியூ முடித்து வி.டி. ஸ்டேஷனுக்கு நடந்துவரும்போதே இந்த வேலைதான் என்று தீர்மானித்துவிட்டேன், அந்த ஆபீஸின் மரப்படிக்கட்டு பிடித்திருந்தது, அவ்வளவுதான். கட்டமெல்லாம் ராத்திரி வீட்டுக்கு வந்து போட்டது. உற்றுப் பார்த்தால் அந்த வேலைக்கு நேரே "எதிர்காலம்" கட்டத்தில் 6 என்று எழுதி, கூட்டல் சரியாக வரவில்லை என்று அதையே 9 ஆகத் திருத்தியிருக்கிறேன்!

இப்போது 52. முடிவு முதலில் வருகிறது, காரணம் பின்னால் மூச்சிரைக்க ஓடிவருகிறது என்பதுதான் இப்போது என்னைப் பற்றி நான் நம்புவது. ஆனால் 30 வயதில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். உங்களுக்கு எப்படி? முடிவெடுப்பது, ஞாபகம், வேகம், எதுவாக இருந்தாலும் சரி, உங்கள் மண்டைக்குள் நடப்பதைப் பற்றி நீங்கள் நம்பியிருந்தது எப்போது மாறியது?

ஐரோலி24:
சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் அப்படி என்பதால் எல்லோரும் அப்படி இல்லை. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன், எந்த முடிவுக்கும் எனக்குக் காரணம் தெரியும், கேட்டால் வரிசையாகச் சொல்வேன். நான் யோசிப்பது இங்கிலீஷில், வாக்கியம் வாக்கியமாக. அதைக் கேட்கவே முடிகிறது. எனக்கு இருக்கும் ஒரே பயம் ஸ்பீடு. 25-ஐத் தாண்டினால் மூளை இறங்குமுகம் என்று டீமில் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு மார்ச்சில் 25.

முலுண்ட் வாசி:
தம்பி, காரணம் சொல்ல முடிவதும் அதுதான் உண்மையான காரணமாக இருப்பதும் வேறு வேறு. ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1977-இல் எழுதிய கட்டுரையில் ஒரு வேடிக்கை வரும். கடையில் மேசைமேல் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வைத்து எது தரமானது என்று வாடிக்கையாளர்களைக் கேட்டார்கள். வலது கோடியில் இருந்ததை நிறையப் பேர் எடுத்தார்கள். ஏன் என்றால் நெசவு நன்றாக இருக்கிறது, மென்மையாக இருக்கிறது என்று பதில். நான்கும் ஒரே சரக்கு! "வலது பக்கம் இருந்ததால் எடுத்தீர்களோ?" என்று கேட்டதற்கு, கேட்டவரைத்தான் ஒருமாதிரி பார்த்தார்களாம். பொய் சொல்லவில்லை அவர்கள். நம் சாரின் 9 மாதிரிதான்.

ஸ்பீடு விஷயம் பாதி உண்மை. 2015-இல் ஜோஷுவா ஹார்ட்ஷார்ன், லாரா ஜெர்மைன் இணையத்தில் கிட்டத்தட்ட 50,000 பேரிடம் சோதித்துப் பார்த்தது இருக்கிறது. குறிகளைப் பார்த்து மாற்றி எழுதும் வேகம் 18, 19 வயதிலேயே உச்சத்துக்கு வந்துவிடுகிறது. ஆக உனக்கு ஏற்கெனவே வயதாகிவிட்டது, பயப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. ஆனால் சொல்வளம் 60-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டிருந்தது, வேறு சில திறமைகள் நடுவில் எங்கெங்கோ. எல்லாத் திறமைக்கும் ஒரே உச்சி கிடையாது.

தாராவி டீச்சர்:
நான் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் 31 வருடம் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தவள். பெரியவர்கள் தங்களைப் பற்றி நினைப்பது இருக்கட்டும், சின்னவர்கள் நினைப்பதைக் கேளுங்கள்.

பலாப்பழத்தின் ஒவ்வொரு சுளையும் ஒரு பூவிலிருந்து வருவது என்று ஒருநாள் சொல்லிக்கொடுத்தேன். பத்து நிமிடம் கழித்து "இது உங்களுக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் "எனக்கு முன்னாடியே தெரியும் டீச்சர்". ஒருத்தி "குழந்தையா இருக்கும்போதே தெரியும்" என்றாள். முதலில் திமிர் என்று நினைத்தேன். பிறகு பி.எட். பாடம் எடுக்க வந்த பேராசிரியர் ஒருவர் சொன்னார், மார்ஜரி டெய்லர் என்பவரும் சகாக்களும் 1994-இல் இதையே நான்கு ஐந்து வயதுக் குழந்தைகளிடம் சோதித்துக் காட்டியிருக்கிறார்களாம். புதிதாகக் கற்றதைக்கூட ரொம்ப நாளாகத் தெரியும் என்றே அந்த வயது சொல்லும். தெரியாமல் இருந்த நிலை எப்படி இருந்தது என்பது அதற்குப் பிடிபடுவதில்லை.

இன்னொன்று. எதை வைத்து யோசிக்கிறோம் என்று கேட்டால் வாய் என்று சொல்லும் குழந்தைகளை நானே பார்த்திருக்கிறேன். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த ழான் பியாஜே 1920-களிலேயே இதை எழுதிவைத்துவிட்டார். அந்த வயதில் யோசனை என்பது பேச்சு. நான் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றால் "டீச்சர் ஒண்ணும் யோசிக்கல" என்பார்கள். ஜான் ஃபிளேவல் இதையெல்லாம் விரிவாக ஆராய்ந்தவர், சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்குள்ளும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும் என்பது சின்னக் குழந்தைகளுக்குத் தோன்றுவதில்லை என்று காட்டினார்.

வாக்கியம் வாக்கியமாகக் கேட்கிறது என்று ஐரோலித் தம்பி எழுதியதும் எனக்கு என் ஒன்றாம் வகுப்புதான் ஞாபகம் வந்தது, கோபித்துக்கொள்ளாதே கண்ணா.

ஐரோலி24:
டீச்சர், நேராக ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டீர்கள். சரி. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த அந்த வரைபடம் இருக்கிறதே, டன்னிங்-க்ரூகர், அரைகுறையாகத் தெரியும்போது தன்னம்பிக்கை மலை மாதிரி ஏறி, பிறகு தெரியத் தெரியப் பள்ளத்தில் விழுந்து, அப்புறம் மெதுவாக ஏறும். வயதும் அப்படித்தான் என்கிறீர்களா? சின்னப் பிள்ளை மலை உச்சியில், கணக்கன் சார் பள்ளத்தில்?

முலுண்ட் வாசி:
அந்த மலைப் படம் மூலக் கட்டுரையில் கிடையவே கிடையாது. இதை எத்தனை தடவைதான் சொல்வது. டேவிட் டன்னிங்கும் ஜஸ்டின் க்ரூகரும் 1999-இல் வெளியிட்டது கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்தது. நகைச்சுவை, தர்க்கம், இலக்கணம் என்று தேர்வு வைத்தார்கள். கடைசிக் கால்வாசியில் இருந்தவர்களின் இடம் சராசரியாக நூறு பேரில் கீழிருந்து 12-ஆவது, அவர்கள் தாங்கள் இருப்பதாக நினைத்ததோ 62-ஆவது. சரி, தப்புக்கணக்குதான். ஆனாலும் கெட்டிக்காரர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட இடத்தைவிட அது கீழேதான். தெரியாதவன் தன்னைத் தெரிந்தவனுக்கு மேலே வைத்துக்கொள்கிறான் என்று அங்கே எங்கும் இல்லை. அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி வெறும் புள்ளியியல் விளையாட்டு என்று வாதிடுபவர்களும் உண்டு. தவிர, எல்லோரும் ஒரே வயதுப் பிள்ளைகள். வயதாவதைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

மாட்டுங்கா மாமா:
எனக்கு 68. இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

எனக்குப் பத்து வயதில் அப்பா வைத்த பெயர் அரணை புத்தி. கடைக்கு அனுப்பினால் பாதி சாமானோடு வருவேன். 35 வயதில் ரயிலில் குடையை விட்டுவிட்டு வந்தேன், ஒன்றல்ல, ஒரே மழைக்காலத்தில் மூன்று. அப்போது மனைவி சொன்னது "உங்களுக்கு ஆபீஸ் டென்ஷன்". இப்போது நாக்கு நுனியில் நின்று பெயர் வராமல் போனால் மகன் சொல்வது "அப்பாவுக்கு வயதாகிவிட்டது". மறதி என்னவோ அதே மறதி. பத்தில் மறந்தால் விளையாட்டுப் புத்தி, முப்பதில் மறந்தால் அவசரம், அறுபதில் மறந்தால் வயசு. ஆக மாறியது என் மூளையா, என்னைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் வார்த்தையா? அசிங்கம் என்னவென்றால் நானும் அதை நம்பிவிட்டேன். ரிட்டயர் ஆனதிலிருந்து எதற்கும் சீட்டு எழுதிக்கொண்டுதான் போகிறேன், ஒரு தடவைகூட சீட்டு இல்லாமல் முயற்சி செய்து பார்த்ததே இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

முலுண்ட் வாசி:
மாமா சொன்னதற்குப் பக்கத்தில் வருவது பெக்கா லெவியின் வேலை. முதுமையைப் பற்றி ஒருவர் என்ன நம்புகிறாரோ அது அவர் உடம்பையும் ஞாபகத்தையும் தொடுகிறது என்று பல வருடமாகச் சொல்லிவருபவர். 2002-இல் வந்த அவருடைய ஆய்வில், ஓஹையோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில் 50 வயதைத் தாண்டிய 660 பேரின் பழைய பதில்களை எடுத்துப் பார்த்தார்கள். தங்கள் முதுமையை நல்லபடியாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை வருடம் அதிகம் வாழ்ந்திருந்தார்கள்.

கல்யாண் ஸ்லோ:
ஏழரையா, சனி பிடித்த எண்ணாக இருக்கிறதே. நோயாளிக்கு முதுமை கசக்கத்தான் செய்யும், சீக்கிரமும் போவான். இதில் நம்பிக்கை எங்கே வந்தது?

முலுண்ட் வாசி:
உடல்நிலை, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும்தான் அந்த வித்தியாசம். ஆனாலும் நம்பிக்கைதான் காரணம் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய முடியாது, அது நியாயமான கேள்வி.

கல்யாண் ஸ்லோ:
நான் குதர்க்கம் பேச வரவில்லை. மாமாவின் பதிவு எனக்கு ஏன் உறுத்தியது என்று சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா 74 வயதில் ஒரே மாதத்தில் கரண்ட் பில்லை மூன்று தடவை கட்டினார். சொன்னால் கோபம் வரும். "எனக்கு ஞாபகத்துக்கு என்ன குறைச்சல்" என்று 1971-ஆம் வருடம் தாதரில் வாடகைக்கு இருந்த வீட்டின் அட்வான்ஸ் தொகைவரை சொல்வார், அது சரியாகவும் இருக்கும், நாங்களும் வாயை மூடிக்கொள்வோம். முதலில் காட்டிய டாக்டர் "இந்த வயதில் இப்படித்தான்" என்று வைட்டமின் எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். ஒன்றரை வருடம் போனது. அல்சைமர் என்று தெரிந்தபோது அவர் கல்யாண் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் வாட்ச்மேன் ஒருவரோடு உட்கார்ந்திருந்தார்.

அந்த நோயில் பலருக்குத் தங்களுக்கு மறதி இருப்பதே தெரிவதில்லை, அதுவே நோயின் ஒரு பகுதி என்று பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். வறட்டுப் பிடிவாதம் என்று நினைத்து அவரிடம் நான் போட்ட சண்டைகளை இப்போது நினைத்தால்... சரி விடுங்கள். எல்லாம் மற்றவர்கள் சொல்லும் வார்த்தைதான் என்று சிரித்துக்கொண்டு போய்விட முடியாது மாமா. சில வீடுகளில் மற்றவர்கள் சொல்வதுதான் சரி, உள்ளே இருப்பவர் சொல்வது தப்பு.

மாட்டுங்கா மாமா:
தப்பு என்னுடையதுதான் தம்பி, வேடிக்கையாக எழுதிவிட்டேன். உங்கள் அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

கல்யாண் ஸ்லோ:
அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது மாமா. பரவாயில்லை, நீங்கள் எழுதியது தப்பில்லை. உங்களைப் போல மறக்கிறது மறக்கிறது என்று தாமே புலம்புகிறவர்களில் நிறையப் பேருக்குத் தேர்வு வைத்தால் ஞாபகம் நன்றாகவே இருக்குமாம், பல சமயம் அது மனச்சோர்வாகவோ கவலையாகவோ இருக்கும் என்று அப்பாவைப் பார்த்த நரம்பியல் டாக்டர் அம்மாவிடம் சொன்னார். அம்மா புலம்பாத நாளில்லை, ஆனால் சீட்டுக்கட்டில் யாராலும் அவரை ஏமாற்ற முடியாது. இருந்தாலும் ஒருதரம் காட்டிவிடுவது நல்லது.

நெருள் நிலா:
நான் சொல்லப்போவது ஞாபகம் பற்றியது இல்லை. என் 41-ஆவது வயதில்தான் மற்றவர்கள் கண்ணை மூடினால் நிஜமாகவே படம் தெரிகிறது என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை "மனக்கண்" என்பது சும்மா ஒரு பேச்சு வழக்கு என்றே நினைத்திருந்தேன். மகளுக்கு ஓவிய ஹோம்வொர்க், "பாட்டி வீட்டு முற்றத்தை நினைத்து வரை" என்று. நான் "நினைத்துப் பார்த்தால் எப்படி வரைய முடியும், என்னென்ன இருந்தது என்று பட்டியல்தானே வரும்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை! எனக்கு முற்றம் இருந்தது தெரியும், துளசி மாடம் இடது பக்கம் தெரியும், பாட்டி உட்காரும் இடம் தெரியும், ஆனால் ஒன்றும் தெரியாது, கறுப்புதான். இந்த இரண்டு "தெரியும்"மும் வேறு என்று தெரிய 41 வருடம்.

ஃபிரான்சிஸ் கால்டன் 1880-இல் தெரிந்தவர்களிடமெல்லாம் காலைச் சாப்பாட்டு மேசையை மனதில் பார்க்கச் சொல்லிக் கேட்டபோது விஞ்ஞானிகள் பலர் அப்படி ஒன்று இருப்பதையே நம்பவில்லையாம். இப்படி மனதில் படமே வராமல் இருப்பதற்கு அஃபேன்டேசியா என்று ஆடம் ஜீமன் பெயர் வைத்தது 2015-இல்தான். என் மூளை மாறவே இல்லை, பிறந்ததிலிருந்து இப்படித்தான். மாறியது அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததுதான். அதுவும் ஹோம்வொர்க் கொடுத்த புண்ணியத்தில்.

ஐரோலி24:
அக்கா, இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி முழுக்க என்னை நானே கவனித்தேன். இங்கிலீஷில் யோசிக்கிறேன் என்று சொன்னேன் இல்லையா. ஆட்டோவில் மீட்டர் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டபோது அது மராத்தி! பள்ளியில் வாய்ப்பாடு மராத்தியில் படித்தது. கேட்டுக்குள் ஒரு பைக் குறுக்கே வந்தது, அப்போது வந்தது தமிழ், அதை இங்கே எழுத முடியாது. நிறைய நேரம் மொழியே இல்லை, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் வந்து நிற்கிறது. இங்கிலீஷ் வந்தது எப்போது தெரியுமா, "நான் என்ன யோசித்தேன்" என்று நோட்டில் எழுத உட்கார்ந்தபோது மட்டும்.

செம்பூர்க் கணக்கன்:
தம்பி, நான் 52-இல் வந்து சேர்ந்த இடத்துக்கு நீ 24-இல் வந்துவிட்டாய். என் டைரியிலும் காரணங்கள் எழுத உட்கார்ந்தபோதுதான் வந்தன.

டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று அந்தக் குழந்தை சொன்னதும், இப்போது நான் "முடிவு முதலில், காரணம் பின்னால்" என்று ஞானி மாதிரி எழுதியதும் ஒரே ரகமோ? இந்த டைரி கையில் கிடைக்காவிட்டால், 23 வயதிலும் நான் இதே தெளிவோடுதான் இருந்தேன் என்று இங்கே யாரிடமாவது சத்தியம் பண்ணியிருப்பேன். மரப்படிக்கட்டுக் கதைகூட இப்போது எனக்கு வசதியாக ஞாபகம் வருகிறதோ என்று சந்தேகம். ஆனால் அந்த 6 மட்டும் மைக்கு அடியில் இன்னும் தெரிகிறது, அதை யாரும் மாற்ற முடியாது.

முலுண்ட் வாசி:
முன்னே சொன்ன அதே காலுறை வில்சன், ஜோர்டி குவாத்பாக், டேனியல் கில்பர்ட் கூட சேர்ந்து 2013-இல் 18 முதல் 68 வயதுவரை 19,000-க்கு மேற்பட்டவர்களைக் கேட்டார்கள். கடந்த பத்து வருடத்தில் நீங்கள் எவ்வளவு மாறினீர்கள் என்றால் எல்லா வயதுக்காரர்களும் "நிறைய". இனி பத்து வருடத்தில் என்றால் "பெரிதாக ஒன்றுமில்லை". 62-இல் சாரின் அடுத்த டைரியைப் படிக்கக் காத்திருக்கிறோம்.

தாராவி டீச்சர்:
பேசினது போதும், பரீட்சை வைக்கிறேன். 1970-இல் ஃபிளேவல் குழு செய்தது. வரிசையாகப் பத்துப் படங்கள்வரை காட்டி, எத்தனை உன்னால் திருப்பிச் சொல்ல முடியும் என்று முதலிலேயே கேட்டார்கள். சின்னக் குழந்தைகளில் பாதிக்கு மேல் பத்தும் சொல்வேன் என்றார்கள், சொன்னது மூன்று நான்கு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் தங்களால் முடிவதை ஓரளவு சரியாகச் சொன்னார்கள்.

வீட்டில் யாராவது பத்து சாமானை ஒரே ஒரு தடவை படிக்கட்டும். படிப்பதற்கு முன்பே எத்தனை ஞாபகம் இருக்கும் என்று இங்கே எண்ணை எழுதிவிடுங்கள். சீட்டு, போன் இரண்டையும் தொடாமல் கடைக்குப் போய் வாங்கி வாருங்கள். பொய் சொன்னால் பெஞ்ச் மேல் ஏற்றுவேன்.

ஐரோலி24:
10. இதெல்லாம் ஒரு டெஸ்ட்டா டீச்சர்.

செம்பூர்க் கணக்கன்:
7.

மாட்டுங்கா மாமா:
4 எழுதிக்கொள்ளுங்கள். மனைவி ஏற்கெனவே சிரிக்கிறாள்.

மாட்டுங்கா மாமா:
8! வெல்லமும் கடுகும் விட்டுப்போயிற்று. எப்படி என்றால், அவள் படிக்கும்போதே ஸ்டேஷன் வாசலிலிருந்து பண்டார்கர் ரோடு வழியாக நடப்பதாக மனதில் வைத்துக்கொண்டு பூக்கடையில் கதம்பம், அதற்கு அடுத்து வாழை இலை, காய்கறிக்காரியிடம் முருங்கைக்காய், சேனை, பிறகு மளிகை என்று ஒவ்வொன்றையும் அங்கங்கே போட்டுவிட்டேன். மளிகைக் கடையில்தான் ஒரே இடத்தில் ஆறு சாமான், நெரிசல். இப்படிச் செய்ய வேண்டும் என்று பத்து வயதில் எனக்குத் தெரியாது, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, எப்போது வந்தது என்றும் தெரியவில்லை.

செம்பூர்க் கணக்கன்:
சொன்னது 7, வாங்கியது 6. ஆடிட்டரிடம் காட்டலாம்.

தாராவி டீச்சர்:
ஐரோலித் தம்பியைக் காணோமே?

ஐரோலி24:
5. ஆனால் டீச்சர், இதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, அம்மா படிக்கும்போதே ஆபீஸிலிருந்து போன் வந்துவிட்டது, கடையிலும் அவசரம், பின்னால் கூட்டம்.

மாட்டுங்கா மாமா:
"முப்பதில் மறந்தால் அவசரம்" என்று எழுதியிருந்தேன். 24-இலேயே ஆரம்பமாகிறது, திருத்திக்கொள்கிறேன்.

ஐரோலி24:
சரி மாமா. அம்மா வாசலில் நிற்கிறாள், புளி இல்லாமல் எப்படி ரசம் வைப்பது என்று கேட்கிறாள். மறுபடியும் கீழே போய்வருகிறேன்.